பொங்கலுக்காகக் கூட்டிய மூலை

1

தைப்பொங்கலன்று நான் அனுப்பிய படத்துக்கு ஊரிலிருந்து நிறையப் பேர் இதயம் போட்டிருந்தீர்கள். பனிக்குளிருக்குள் முற்றத்தில் மூன்று கல் வைத்து, புதுப்பானை ஏற்றி, தடித்த ஜாக்கெட்டுக்கு மேலே சால்வை சுற்றிக்கொண்டு நான் நிற்கிற படம். "வெளிநாட்டுக்குப் போயும் மாறேல்லை" என்று சின்ன மச்சான் எழுதியிருந்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் படத்தில் தெரிகிற மூலை ஏன் அவ்வளவு துப்புரவாக இருக்கிறது என்பதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். படித்துவிட்டு இதயத்தைத் திருப்பி எடுக்க நினைப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில் சவர்லாண்ட் என்கிற மலைப்பக்கம். வீட்டுக்குப் பின்னால் நாலு கார் நெருக்கி நிறுத்தக்கூடிய அளவு நிலம். பதினொரு வருடமாக அதில் ஒரு சருகு கிடக்க நான் விட்டதில்லை. சருகு கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பக்கத்து வீட்டு ஹெர் க்ரூகர் ஒருமுறை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இந்தத் தெருவிலேயே உங்கள் தோட்டம்தான் ஒழுங்கு என்று சொன்னார். ஒரு ஜெர்மன்காரன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது லேசான காரியமா? அதை எத்தனை கலியாண வீட்டில் நான் சொல்லியிருக்கிறேன் என்று என் மனைவி வசந்தியைக் கேட்டால் தெரியும்.

2

மகள் அபிக்குப் பதினைந்து வயது. தமிழ் நன்றாக விளங்கும். பேசும்போதும் பெரும்பாலும் தமிழ்தான், கோபம் வந்தால் மட்டும் ஜெர்மனுக்கு மாறிவிடுவாள். கொஞ்சக் காலமாக ஜெர்மன்தான் அதிகம் கேட்கிறது.

ஐப்பசி மாதம் அவள் தோட்டத்தின் கிழக்கு மூலையில், ஹோர்டென்சியாச் செடிக்குப் பின்னால், சருகையும் சுள்ளியையும் குவித்து முழங்கால் உயரத்துக்கு ஒரு கும்பி கட்டினாள். எதற்கு என்று கேட்டேன்.

"ஈகலுக்கு அப்பா. விண்டர் முழுக்க அது படுத்துக் கிடக்கிறதுக்கு. ஒருத்தரும் இப்ப சருகு விடுறேல்லை. அதுகளுக்குப் போக இடமில்லை."

ஈகல் என்றால் முள்ளெலி. வசந்தி அதை முள்ளம்பன்றிக் குட்டி என்பாள். பகலில் காணக் கிடைக்காது. பின்னேரம் இருண்டபிறகு வேலிக்குக் கீழால் வந்து புழு பூச்சி தின்றுவிட்டுப் போகும். குளிர்காலத்தில் இரை கிடையாது என்பதால், உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும் சருகுக்குள் நித்திரை. இடையில் எழுப்பினால் அந்தக் கொழுப்பு வீணாய்ப் போகும். இதெல்லாம் அபி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இதை மட்டும் தொடாதேங்கோ" என்றாள்.

"ஓம்" என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

சிக்கல் என்னவென்றால், தை மாதத்துச் சூரியன் எங்கள் நிலத்தில் விழுகிற ஒரே இடம் அந்தக் கிழக்கு மூலைதான். காலை ஒன்பது மணிக்கு பின்வீட்டுக் கூரைகளுக்கு நடுவால் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பொங்கலோ சூரியனுக்கு. வருடா வருடம் அந்த மூலையில்தான் கோலம் போட்டுக் கல் வைக்கிறேன். குசினிக்குள் மின்சார அடுப்பில் பொங்கினால் என்ன என்று வசந்தி கேட்டாள். சூரியனுக்குப் படைக்கிறதை ஆரேன் மின்சார அடுப்பில் படைப்பார்களா என்று நான் கத்தினேன். இப்போது யோசித்தால், சூரியனுக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இருந்திருக்காது.

3

பொங்கலுக்கு முதல் நாள். எனக்குக் காலை வேலை. இரண்டு மணிக்கே வீட்டில். அபிக்கு நாலு மணிவரைக்கும் பள்ளிக்கூடம். கும்பியை முழுதாக எடுக்கத் தேவையில்லை, பாதியைத் தள்ளினால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன்.

கை வைக்கும் முன்னர், தக்காளிச் செடிக்கு ஊன்றுகிற இரும்புக் கம்பியை எடுத்துக் கும்பியைக் குத்தினேன். ஜெர்மனியில், உறைபனியில், சருகுக்குள் எந்தப் பாம்பு இருக்கப்போகிறது என்று கேட்காதீர்கள். அது யோசித்துச் செய்கிற வேலையல்ல. சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து போய்ப் பல மாதம் கழித்து வீடு திரும்பியபோது வளவு முழுக்க ஓலையும் சருகும் இடுப்பளவுக்குக் கிடந்தன. உள்ளே பாம்பு இருக்கலாம். பாம்பைவிட மோசமானதும் புதைத்து வைத்திருக்கலாம். அண்ணை ஒரு நீளத் தடியை என் கையில் தந்து, "எட்ட நிண்டு குத்திப் பார். குத்திப் பாக்காமல் ஒண்டிலையும் கை வையாதை" என்றார். அன்றைக்குப் பழகிய கை. இன்றைக்கும் பழைய பெட்டி ஒன்றைத் திறக்கும்போதுகூட முதலில் காலால் தட்டிப் பார்ப்பேன்.

முதல் குத்து மண்ணில் போய் முட்டியது. இரண்டாவது மெத்தென்று எதிலோ இறங்கியது. உள்ளே ஒரு சீறல். கம்பியை இழுத்துக்கொண்டு மூன்று அடி பின்னால் பாய்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், சருகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்றிய ஒரு உருண்டை; அதற்குள் மண்ணிற முள்ளு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பி நுனியைப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. சருகு ஈரமாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே மூடிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் மறுநாள் பொங்கல். படம் எடுக்க வேண்டும். மண்வெட்டியால் அந்த உருண்டையை அப்படியே அள்ளி வேலியோரச் செடிக்குக் கீழே வைத்து, மேலே இரண்டு கை சருகு போட்டேன். மிச்சம் எல்லாம் பச்சைக் கழிவுப் பெட்டிக்குள் போனது. மூலை பளிச்சென்று ஆகிவிட்டது.

நாலரைக்கு அபி வந்து நின்று பார்த்தாள். நான் கேட்காமலே சொன்னேன்:

"காத்துக்கு எல்லாம் சிதறிப்போச்சு. உள்ள ஒண்டும் இருக்கேல்லை."

அவள் வேலியைப் பார்த்தாள், பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஹெர் க்ரூகரின் நாயைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். காற்றை அவள் நம்பவில்லை, நாயின் மேல் பழி விழுந்துவிட்டது என்று விளங்கியது. நான் திருத்தவில்லை.

4

பொங்கல் நன்றாகப் பொங்கியது. நாலாம் நாள் குளிர் இறங்கியது.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் குளிரை எழுத்தில் காட்ட ஏலாது. பூச்சியத்துக்குக் கீழே பதினாலு. கதவுப் பிடியில் ஈரக் கை ஒட்டிக்கொள்ளும். பறவைகளுக்கு வைத்த தண்ணீர்ச் சட்டி கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அபி பள்ளிக்கூடம் போக முதல் ஒருமுறை, வந்த பிறகு இரண்டு முறை சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். குருவிகள் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு தம் அளவைப்போல் இரண்டு மடங்காகக் கம்பியில் இருந்தன. பறந்தால் செலவாகிவிடும் என்று அவற்றுக்குத் தெரியும். ஒரு கறுப்புக் குருவி, இங்கே ஆம்சல் என்பார்கள், உறைந்துபோன அப்பிளைக் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்தது. மறுநாள் அது அந்த இடத்திலேயே கிடந்தது. அபி அதைக் கையுறையால் எடுத்து ஒரு துணியில் சுற்றினாள்.

எனக்கு வேலையிடத்தில் மனம் நிற்கவில்லை. வேலியோரம் நான் போட்ட இரண்டு கை சருகுதான் கண்ணுக்குள் நின்றது. வீட்டுக்கு வந்ததும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். வந்ததும், பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று பயந்து, பார்க்காமல் விடுவேன். ஒரு கிழமை அப்படியே போயிற்று.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அபி கத்தினாள்.

"அப்பா! வாங்கோ! கெதியா!"

நல்ல வெளிச்சத்தில், பனிக்கு நடுவே, அந்த முள்ளெலி நடந்துகொண்டிருந்தது. நடை என்றும் சொல்ல ஏலாது. நாலு அடி வைத்து ஒரு பக்கமாகச் சாயும், பிறகு எழும்பும். கண் ஊசிக்காது அளவுக்குச் சுருங்கியிருந்தது. பட்டினியில் கழுத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பொங்கல் வைத்த மூலையை நோக்கித்தான் அது போனது. அங்கே போய், கல் வைத்த கரியடியில் மூக்கை வைத்துத் தேடியது.

வசந்தி இளஞ்சூட்டில் ஒரு கிண்ணம் பால் கொண்டு ஓடிவந்தாள்.

"பால் குடுக்கப்படாது அம்மா! பால் குடிச்சால் அது செத்துப்போம்! அதின்ரை உடம்பு சூடேற முதல் ஒண்டும் குடுக்கப்படாது!"

அபி அதைத் துவாய்க்குள் எடுத்து, காலணிப் பெட்டிக்குள், சுடுதண்ணீர்ப் பையின் மேல் வைத்தாள். குசினித் தராசில் பெட்டியோடு வைத்து, பெட்டியைக் கழித்துப் பார்த்தாள். நானூற்றுப் பத்துக் கிராம். இந்த நேரத்தில் இருக்க வேண்டியதைவிட எவ்வளவோ குறைவு என்று சொல்லிக்கொண்டே கைபேசியை எடுத்தாள்.

5

இந்த நாட்டில் எதற்கும் ஒரு நம்பர் உண்டு. சனிக்கிழமை அந்த நம்பரில் ஆள் இருக்காது. மிருக வைத்தியர் பூட்டு. நகரசபையில் பதிவுக் குரல் திங்கட்கிழமை எட்டு மணிக்கு அழைக்கச் சொன்னது. முள்ளெலி பராமரிக்கிற இடங்கள் என்று அபி கண்டுபிடித்த மூன்றில், இரண்டு நிரம்பிவிட்டன. குளிருக்கு எல்லாத் தோட்டத்திலிருந்தும் கொண்டுவருகிறார்களாம். மூன்றாவதில் ஃபிராவ் லிண்டர் என்கிற ஒரு பெண் எடுத்து, ஒரு பெட்டிக்கு மட்டும் இடமிருக்கிறது, ஒரு மணித்தியாலத்துக்குள் வாருங்கள் என்றார். இருபத்தைந்து கிலோமீட்டர். அப்போது உறைமழை தொடங்கியிருந்தது.

நான் வண்டி ஓட்டினேன். அபி பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மலைப்பாதை கண்ணாடியாக மினுங்கியது. முப்பதுக்கு மேல் போக முடியவில்லை. ஒரு வளைவில் பின்சில்லு வழுக்கி வண்டி தடுப்புக் கம்பியை நோக்கிப் போய், அதற்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"அப்பா, மெதுவா."

"நேரம் போகுது பிள்ளை."

"மூச்சு இருக்கு. ஆனா நெடுக இடைவெளி விட்டு விட்டு விடுது." கொஞ்சம் பொறுத்து, "அந்த நாயை நான் சும்மா விடமாட்டன்" என்றாள்.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. இப்போது சொல்லிவிடு என்று மனம் சொன்னது. வண்டி ஓட்டும்போது வேண்டாம் என்று சாக்கும் அதுவே சொன்னது.

6

ஃபிராவ் லிண்டர் ஓய்வுபெற்ற தாதி. வீட்டு நிலவறையில் துணி துவைக்கிற இடம் முழுக்க அடுக்கடுக்காகப் பெட்டிகள். பெட்டியை வாங்கி விளக்கின் கீழே வைத்துக்கொண்டே அபியிடம் ஒரு படிவத்தை நீட்டினார்.

வீட்டில் படிவம் என்றால் அபிதான். எழுத்துப் பழகிய காலத்திலிருந்து எங்கள் வாடகை, வரி, காப்புறுதி எல்லாவற்றையும் அவள்தான் நிரப்புகிறாள். எங்கே கண்டெடுத்தீர்கள்? எப்போது? உணவு ஏதும் கொடுத்தீர்களா? அவள் வாசிக்க வாசிக்க நான் பதில் சொன்னேன். கடைசிக்கு முந்திய கேள்வி: காயம் ஏற்படக்கூடிய சம்பவம் ஏதும் நடந்ததா?

"இல்லை எண்டு போடு" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. படிவத்தில் கேட்டதற்கு மேல் ஒரு சொல் எழுதக்கூடாது என்பது எங்களோடு வந்து இறங்கிய ஆட்களின் வேதம். அகதி முகாமில் எனக்கு முன்னால் வந்திருந்தவர்கள் முதல் நாளே சொல்லித் தந்தது அது: எழுதினது பிறகு உன்னையே வந்து பிடிக்கும், யோசித்துச் சொல், முடிந்தால் சொல்லாதே. அந்தப் பயத்தில் வரிக்காரர் முன்னாலும் பள்ளிக்கூட ஆசிரியை முன்னாலும் இன்றுவரை நான் வாய் திறக்காமல் தப்பி வந்திருக்கிறேன்.

அபி 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டாள். ஃபிராவ் லிண்டர் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: விலங்கு இறுக்கிச் சுருண்டுவிட்டது. வயிற்றுப் பக்கம் பார்ப்பதென்றால் மயக்க மருந்து கொடுத்துத்தான் விரிக்க வேண்டும். இவ்வளவு பலவீனத்தில் மருந்தே அதைக் கொன்றுவிடலாம். காயம் இல்லையென்றால் தேவையில்லாமல் அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம், சூட்டில் வைத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம். சொல்லிவிட்டுப் பெட்டியின் மூடியைக் கையில் எடுத்தார்.

மூடி பெட்டிக்கு மேலே வந்துவிட்டது.

"நில்லுங்கோ" என்றேன், தமிழில். அவருக்கு விளங்காவிட்டாலும் கை நின்றது. தொழிற்சாலையில் இருபது வருடமாகப் பேசுகிற ஜெர்மன் ஒரு சொல்கூட அப்போது வரவில்லை. அபியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"பிள்ளை, காத்தில்லை. நாயுமில்லை. பொங்கலுக்கு முதல் நாள் நான்தான் கும்பியைக் கலைச்சனான். கம்பியாலை ரெண்டு தரம் குத்தினனான். ஒருக்கால் பட்டது. அது உள்ள இருந்தது, நான் கண்டனான், மண்வெட்டியாலை அள்ளி வேலியோரம் வைச்சனான். இதை அவவுக்குச் சொல்லு."

அபி என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஃபிராவ் லிண்டரின் பக்கம் திரும்பி, "என் தகப்பன் சொல்கிறார்" என்று ஜெர்மனில் தொடங்கினாள். நாள், கம்பி, எத்தனை குத்து, பிறகு எங்கே தூக்கி வைத்தேன், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். அரசாங்கக் கந்தோரில் எனக்காகப் பேசுகிற அதே குரல். நான் சொல்லாததை ஒன்றும் கூட்டவில்லை. எனக்காக ஒரு சாக்கும் சொல்லவில்லை.

ஃபிராவ் லிண்டர் என்னை ஏசவில்லை. கையுறையை மாட்டினார், யாருக்கோ தொலைபேசி எடுத்தார், கால் மணித்தியாலத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மிருக வைத்தியர் வீட்டு உடுப்போடு வந்தார். மயக்கினார்கள். முன்காலின் அடியில், முள்ளு முடிந்து மயிர் தொடங்குகிற இடத்தில், பட்டாணி அளவு துளை. அழுத்தியதும் சீழ் வந்தது. மணம் எனக்கும் எட்டியது. எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

அபி படிவத்தைத் திரும்ப எடுத்து, போட்ட கோட்டை வெட்டி, 'ஆம்' என்ற கட்டத்தில் புதிதாகப் போட்டாள். விபரம் என்ற இடத்தில் ஐந்து வரி எழுதி, என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். வாசித்துப் பார்க்காமல் போட்டேன்.

7

ஞாயிறும் திங்களும் அபி என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் வசந்தியிடம் கேட்டாள். வசந்தி ஒருமுறை, "அவர் தெரியாமல்தானே செய்தவர்" என்று தொடங்கினாள். "தெரிஞ்சுதான் மறைச்சவர்" என்றாள் அபி. பாவம், ஹெர் க்ரூகரின் நாய்க்கு மட்டும் அபி ஒரு துண்டு இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்ததைக் கண்டேன்.

செவ்வாய் பின்னேரம் அழைப்பு வந்தது. அபி கைபேசியை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி விட்டாள். அந்தளவுக்காவது என்னைச் சேர்த்துக்கொண்டாளே என்று இருந்தது.

உயிரோடு இருக்கிறது, என்றார் ஃபிராவ் லிண்டர். காயம் கழுவி மருந்து போகிறது, இன்று முதல் தடவையாகத் தானாகச் சாப்பிட்டது. ஒரு நாள் பிந்தியிருந்தாலும் முடிந்திருக்கும், உங்கள் தகப்பனிடம் சொல்லுங்கள், அவர் சொன்னதுதான் அதைக் காப்பாற்றியது. வசந்தி அழுதாள். நான் கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கை மட்டும் துடைத்தேன். அபியின் தோள் கொஞ்சம் இறங்கியது.

பிறகு ஃபிராவ் லிண்டர், கோப்பில் நிரப்பாமல் விட்ட கடைசிக் கேள்வி ஒன்று இருக்கிறது என்றார். குணமான விலங்கைச் சித்திரையில் எடுத்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் வழக்கம். தன் நிலம் அதற்குத் தெரியும், வழி தெரியும். உங்கள் தோட்டத்தில் விடலாமா?

நான் உடனே தலையாட்டினேன். ஒரு மூலை என்ன, முழுத் தோட்டத்தையும் சருகாக்கிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அபி என்னைப் பார்க்கவில்லை. கைபேசியைத்தான் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "அங்கே திருப்பி அனுப்ப வேண்டாம். அங்கே அதற்குப் பாதுகாப்பில்லை."

இருபத்தைந்து வருடத்துக்கு முதல், இந்த நாட்டில் அகதி விண்ணப்பம் விசாரிக்கிற ஒரு அதிகாரியின் மேசைக்கு முன்னால் இருந்து, என் சொந்த வீட்டைப் பற்றி நான் சொன்ன சொற்கள் இவை. என்னை நம்புவதற்கு அவர்களுக்கு மூன்று வருடமும் இரண்டு மேன்முறையீடும் தேவைப்பட்டன.

"சரி, விளங்குகிறது" என்றார் ஃபிராவ் லிண்டர். உடனேயே எழுதிக்கொண்டார்.